டிக் அடிச்சா ட்ரூ, எடுத்தா ஃபால்ஸ், இதுல என்னண்ணா இருக்கு?

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணா, ஒரே ஒரு செக்பாக்ஸ். அதைப் படிச்சு ஒரு பூலியன்ல போடணும். அதுக்கு எதுக்கு பதினோரு வரியில ஒரு ஃபங்ஷன்?" என்று கேட்டான். பூலியன் என்றால் ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்) இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் வகை. நக்கல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அந்த ஃபங்ஷனை எழுதியது நான்தான். பதில் ஒரு வாக்கியத்தில் வரவில்லை, சரி வா என்று டீ குடிக்கக் கூட்டிப் போனேன், அங்கே நின்று பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கோடை அப்படியே ஒட்டப் போவதில்லை, வாய்விட்டுப் படித்துக் காட்டுவதுபோலத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். போனில் படிப்பவர்களுக்கு அதுதான் வசதி.

இது 2003-ல் ஆரம்பிக்கிறது. அப்போது நான் ஈரோட்டில், விபி6-ல் (விஷுவல் பேசிக் 6 என்ற புரோகிராம் மொழி) பில்லிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனி என்று பெயர்தான், மாடியில் ஒரு அறை, மூன்று கம்ப்யூட்டர், நான், இன்னொரு பையன், முதலாளி. ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு பில் போடும் புரோகிராம். மொத்தக் கடையில் பாதி வியாபாரம் கடனில்தான் நடக்கும், அதனால் பில் திரையில் கீழே ஒரு பெட்டி, "கடன் பில்" என்று. டிக் அடித்தால் தொகை பார்ட்டியின் பேரேட்டுக்குப் போக வேண்டும், அடிக்காவிட்டால் அன்றைய ரொக்கத்தில் சேர வேண்டும். நான் எழுதியது இதுதான்:

இஃப் செக்கடன்.வேல்யூ = ட்ரூ தென் பில்வகை = "கடன்" எல்ஸ் பில்வகை = "ரொக்கம்"

தப்பு தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. கம்பைலருக்கும் தெரியவில்லை. எரர் எதுவும் வராமல் ஓடியது. நான் டெஸ்ட் பண்ணும்போது பத்துப் பன்னிரண்டு பில் போட்டுப் பார்த்தேன், எல்லாமே ரொக்க பில், அவசரத்தில் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கடையில் மூன்றாவது நாள் சாயங்காலம் கணக்குப்பிள்ளை போன் செய்தார். அறுபது வயதுக்காரர், கோபமே வராது. "ஏனுங்க தம்பி, உங்க கம்ப்யூட்டரு சொல்ற ரொக்கத்துக்கும் நம்ம கல்லாவுல இருக்கற பணத்துக்கும் நாப்பத்தி மூணாயிரம் இடிக்குதுங்க. மொத நாள் நான்தான் எண்ணறதுல விட்டுட்டனோன்னு இருந்துட்டனுங்க" என்றார். 2003-ல் 43,000 ரூபாய் என்பது என் ஏழெட்டு மாதச் சம்பளம். டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பில் பட்டியலைத் திறந்தால் மூன்று நாளில் ஒரு கடன் பில்கூட இல்லை. எல்லாம் ரொக்கம். ஆனால் பில் போடும் பெண் என் எதிரிலேயே டிக் அடித்துத்தான் பில் போடுகிறார், பெட்டியில் டிக் நன்றாகத் தெரிகிறது, சேவ் கொடுத்தால் ரொக்கம் என்று விழுகிறது. இரவு பத்து மணிவரை உட்கார்ந்து, கடைசியில் அந்த வேல்யூ என்னதான் என்று ஒரு மெசேஜ் பாக்ஸில் போட்டுப் பார்த்தேன். 1 என்று வந்தது. ட்ரூவையும் எண்ணாக மாற்றி ஒரு மெசேஜ் பாக்ஸில் போட்டேன். -1 என்று வந்தது.

அவ்வளவுதான் விஷயம். விபி6-ல் செக்பாக்ஸின் வேல்யூ பூலியனே கிடையாது. அது ஒரு எண்: டிக் இல்லை என்றால் 0, டிக் இருந்தால் 1, சாம்பல் நிறத்தில் அரைகுறையாக இருந்தால் 2. ஆனால் விபி-யில் ட்ரூவை எண்ணாக மாற்றினால் கிடைப்பது -1. ஒன்றும் மைனஸ் ஒன்றும் சமமா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன், இல்லை இல்லை என்று அது மூன்று நாளாக நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மைனஸ் ஒன்று எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கு எரிச்சல். இந்தக் கணக்குக்கே பெயர் கொடுத்த ஜார்ஜ் பூல் 1854-ல் புத்தகம் எழுதியபோது ஒன்றும் பூஜ்யமும்தான் வைத்தார், மைனஸை யார் கொண்டுவந்து சேர்த்தது? காரணம் இருக்கிறது. விபி-யின் பூலியன் 16 பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் பதினாறு இடங்கள். ஃபால்ஸ் என்றால் பதினாறும் 0. விபி-யின் நாட் ("இல்லை" என்று புரட்டும் சொல்) லாஜிக் ஆபரேட்டர் மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஒவ்வொரு பிட்டாகத்தான் புரட்டுகிறது, பதினாறு பூஜ்யத்தைப் புரட்டினால் பதினாறு ஒன்று, அதைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் -1. ஆக, நாட் ஃபால்ஸ் என்பது ட்ரூ ஆக வேண்டுமென்றால் ட்ரூ -1 ஆகத்தான் இருக்க முடியும். கோபப்பட ஒன்றுமில்லை, ஆனால் இதிலிருந்து இன்னொரு வேடிக்கை பிறக்கிறது. "இஃப் நாட் செக்கடன்.வேல்யூ" என்று எழுதினால் என்ன ஆகும்? டிக் இல்லாதபோது நாட் 0, அதாவது -1, பூஜ்யம் இல்லை, எனவே உண்மை. டிக் இருக்கும்போது நாட் 1, அது -2, அதுவும் பூஜ்யம் இல்லை, எனவே அதுவும் உண்மை! டிக் இருக்கிறதா என்று கேட்டால் எப்போதும் இல்லை என்கிறது, டிக் இல்லையா என்று கேட்டால் எப்போதும் ஆமாம் என்கிறது. பார்க்கப்போனால் ஒன்றுக்கொன்று முரணே இல்லாமல் பொய் சொல்கிறது.

இதைவிடக் கடுப்பான விஷயம், எனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது. அதே திரையில் மேலே மொத்தம், சில்லறை என்று இரண்டு ஆப்ஷன் பட்டன், அந்த வட்டப் பொத்தான்கள். அதற்கும் "வேல்யூ = ட்ரூ" என்றுதான் எழுதியிருந்தேன், அது சரியாக வேலை செய்தது, ஏனென்றால் ஆப்ஷன் பட்டனின் வேல்யூ நிஜமான பூலியன். ஒரே டூல்பாக்ஸ், பக்கத்துப் பக்கத்து ஐகான், ஒரே பெயரில் ப்ராப்பர்ட்டி, வகை மட்டும் வேறு. எக்செல் இன்னும் மோசம். அதில் யூசர்ஃபார்மில் வைக்கும் செக்பாக்ஸ் ட்ரூ, ஃபால்ஸ் தரும், ஷீட்டின் மேலேயே வைக்கிற பழைய ஃபார்ம் செக்பாக்ஸ் டிக் இருந்தால் 1 தரும், இல்லாவிட்டால் -4146 தரும். ஆமாம், மைனஸ் நாலாயிரத்து நூற்று நாற்பத்தாறு. அதை அப்படியே இஃப்-க்குள் போட்டால் பூஜ்யம் இல்லாத எதுவும் உண்மைதான், ஆக டிக் இல்லாவிட்டாலும் உண்மை. எக்செல் மேக்ரோவை விபி6-க்கும், விபி6 கோடை எக்செலுக்கும் காப்பி பேஸ்ட் பண்ணிப் பிழைத்த தலைமுறை நாங்கள், எத்தனை பில் எங்கெங்கே தப்பாக விழுந்ததோ.

சரி செய்தது ஒரே வரி. பில்_கடனா = (செக்கடன்.வேல்யூ = விபிசெக்ட்). விபிசெக்ட் என்பது அந்த 1-க்கு விபி வைத்திருக்கும் பெயர். இதில் எனக்குப் பிடித்தது, இஃப் எல்ஸ் எதுவும் இல்லை என்பது. அடைப்புக்குள் இருக்கும் ஒப்பீடே ஒரு பூலியன்தான், அதை நேராக வேரியபிளில் வைத்துவிடலாம். இஃப் போட்டு, தென் ட்ரூ, எல்ஸ் ஃபால்ஸ், எண்ட் இஃப் என்று ஐந்து வரி எழுதுகிறவர்களை இன்றைக்கும் ரிவ்யூவில் பார்க்கிறேன், "மழை பெய்கிறது என்பது உண்மை என்றால், மழை பெய்கிறது" என்று சொல்வதுபோல இருக்கும்.

திருப்பி எழுதுவதிலும் ஒரு முள் உண்டு. வேரியபிளில் இருந்து பெட்டிக்கு நேராக ட்ரூவைப் போட்டால், -1 என்ற மதிப்பைப் பெட்டி ஏற்காது, ரன்டைம் எரர் 380 என்று நின்றுவிடும். அதற்கு ஆப்ஸ் என்ற ஃபங்ஷனைப் போட்டு மைனஸை உதிர்த்துவிட்டுக் கொடுப்போம். கொடுத்ததும் அடுத்த கூத்து: விபி6-ல் கோடில் இருந்து வேல்யூவை மாற்றினாலும் கிளிக் ஈவெண்ட் எழும்பும். பழைய பில்லைச் சும்மா பார்க்கத் திறந்தாலே "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்கும், யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். பிரவுசரில் நேர் எதிர், ஸ்கிரிப்ட்டில் இருந்து செக்ட் என்பதை மாற்றினால் சேஞ்ச் ஈவெண்ட் எழாது, எழும் என்று நம்பி உட்கார்ந்திருப்போம்.

அந்த மூன்று நாள் பில்களை எப்படிச் சரி செய்தோம் என்று பையன் கேட்டான். டேட்டாபேஸில் எது கடன், எது ரொக்கம் என்பதற்குத் தடயமே இல்லை, எல்லாம் ரொக்கம் என்றுதான் இருக்கிறது. காப்பாற்றியது கணக்குப்பிள்ளைதான். பில்லின் கார்பன் காப்பிக் கட்டைத் தூக்கி மேசையில் வைத்தார். கடன் பில் ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் ஒரு டிக் அடித்து வைத்திருந்தார், கம்ப்யூட்டர் வந்த பிறகும் நாற்பது வருடப் பழக்கம் விடவில்லை. இரவு ஒரு மணிவரை அவர் படிக்கப் படிக்க நான் ஒவ்வொரு பில்லாக மாற்றினேன். நடுவில் அவரே தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விபி கதை பழசு, இப்போது யார் அதில் எழுதுகிறார்கள் என்று பையன் நினைத்தது முகத்தில் தெரிந்தது. சரி, வெப்புக்கு வருவோம்.

எச்.டி.எம்.எல். செக்பாக்ஸில் டிக் இருந்தால் ஃபார்மோடு சேர்ந்து சர்வருக்குப் போகும். டிக் இல்லாவிட்டால் ஃபால்ஸ் என்றோ 0 என்றோ போகாது, ஒன்றுமே போகாது. அந்தப் பெயரே வராது. 1999-ல் வந்த எச்.டி.எம்.எல். 4.01-ல் இதற்கு ஒரு பதமே இருக்கிறது, ஃபார்மோடு அனுப்பப்படும் கன்ட்ரோலுக்கு "வெற்றிபெற்ற கன்ட்ரோல்" என்று பெயர், டிக் அடித்த பெட்டி மட்டும்தான் வெற்றிபெறும். தோற்றவன் ஊர்வலத்தில் வரமாட்டான், அவ்வளவுதான்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பி.எச்.பி.-யில் (சர்வரில் ஓடும் மொழி) ஒரு உறுப்பினர் தளம் செய்தோம். ப்ரொஃபைல் பக்கத்தில் "எனக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பவும்" என்று ஒரு பெட்டி. சேமிக்கும் கோடு ரொம்பச் சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தது, போஸ்ட்டில், அதாவது ஃபார்ம் அனுப்பியதில், எந்தெந்த ஃபீல்டு வருகிறதோ அதை மட்டும் அப்டேட் செய். வராததைத் தொடாதே. படிக்க அழகாக இருக்கிறதல்லவா? டிக் அடித்தால் 1 வரும், சேமிக்கும். டிக்கை எடுத்தால் எதுவும் வராது, எதுவும் மாறாது, பக்கம் பச்சை நிறத்தில் "சேமிக்கப்பட்டது" என்று சொல்லும். ஒருவர் போன் செய்து, "நாலு தடவை எடுத்துட்டேன் சார், எடுக்க எடுக்கத் திரும்ப முளைக்குது" என்றார். நான் முதலில் அவருடைய பிரவுசர் கேஷைத்தான் சந்தேகப்பட்டேன், நம் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

இதற்கு எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம், பெட்டிக்கு முன்னால் அதே பெயரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹிட்டன் இன்புட், மதிப்பு 0. டிக் இல்லாவிட்டால் 0 மட்டும் போகும், இருந்தால் 0-வும் 1-ம் இரண்டும் போகும், பி.எச்.பி. ஒரே பெயரில் இரண்டு வந்தால் கடைசியை எடுத்துக்கொள்ளும், ஆக 1. ரெயில்ஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க் இதைத் தானாகவே செய்து கொடுக்கும். ஏ.எஸ்.பி. டாட் நெட் எம்.வி.சி.-யும் அப்படித்தான், ஆனால் அது ஹிட்டனைப் பின்னால் வைக்கும், அங்கே ரிக்வெஸ்ட்டை நாமே பிரித்துப் பார்த்தால் "ட்ரூ,ஃபால்ஸ்" என்று இரண்டும் கமாவோடு நிற்பதைப் பார்த்து ஒரு நிமிடம் தலை சுற்றும். பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஃப்ளாஸ்க்கில் சாதாரணமாக கெட் போட்டால் முதலில் வந்ததைத்தான் எடுக்கும், அதனால் பி.எச்.பி. வைத்தியத்தை அங்கே கொண்டுபோனால் எப்போதும் 0. இன்னொரு பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ இந்த வம்பே வேண்டாம் என்று, பெயர் வரவில்லையா, சரி, ஃபால்ஸ் என்று தானே முடிவு செய்துவிடும்.

ஜாங்கோ செய்வது சரியா? முழு ஃபார்ம் வருகிறது என்றால் சரி. ஆனால் பெயர் வராததற்கு டிக் எடுத்ததுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே. எனக்கு இது ஒருமுறை நடந்தது: ஒரு பெட்டியை, அட்மின் டிக் அடித்து வைத்தது, சாதாரண யூசர் மாற்றக்கூடாது என்பதற்காக டிஸேபிள் செய்து காட்டினோம். டிஸேபிள் ஆன கன்ட்ரோல், டிக் இருந்தாலும் சர்வருக்குப் போகாது. யூசர் தன் போன் நம்பரை மாற்றிச் சேமித்தார், பெயர் வரவில்லை, ஃபால்ஸ் என்று எடுத்துக்கொண்டது, அட்மின் கொடுத்த அனுமதி போயே போச்சு. ஹிட்டன் இன்புட் வைத்தியமும் இங்கே உதவாது, பெட்டிதான் டிஸேபிள், ஹிட்டன் இல்லையே, அது ஜாம்ஜாமென்று 0-வைக் கொண்டுபோய்க் கொடுக்கும். யாரும் தொடக்கூடாது என்று பூட்டிய பெட்டியைப் பூட்டே காலி செய்துவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு பையன், "நாம இப்ப ஜேசன்ல தானே அனுப்புறோம், அதுல நிஜமான ட்ரூ ஃபால்ஸ் இருக்கே" என்றான். ஜேசன் என்ற தரவு வடிவத்தில் இருக்கிறது. ஆனால் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதுகிறோம். இ.டார்கெட்.செக்ட் என்று படிக்க வேண்டிய இடத்தில் இ.டார்கெட்.வேல்யூ என்று படிப்பார்கள், அது டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர். பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் ஃபால்ஸ் என்று போட்டு வைத்தால் அது ஸ்ட்ரிங்காகத்தான் உட்காரும், திரும்ப எடுத்து பூலியன் என்று சுற்றினால் ட்ரூ வரும், ஏனென்றால் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வெற்று ஸ்ட்ரிங் தவிர மற்ற எல்லா ஸ்ட்ரிங்கும் உண்மை. பைத்தானும் அதே கட்சிதான். பி.எச்.பி. மட்டும் "0" என்ற ஸ்ட்ரிங்கையும் பொய் என்று ஏற்கும், ஆனால் "ஃபால்ஸ்" என்று எழுத்தில் எழுதினால் அதற்கும் உண்மை. "இல்லை" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், காகிதம் இருக்கிறது, ஆகவே ஆம் என்கிற ஆபீஸ்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம்.

சாம்பல் நிற மூன்றாவது நிலை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே கம்பெனியான மைக்ரோசாஃப்ட்டின் இரண்டு டூல்கிட், விண்ஃபார்ம்ஸில் அந்த அரைகுறை நிலையில் செக்ட் என்று கேட்டால் ட்ரூ என்கிறது, டபிள்யூ.பி.எஃப்.-பில் இஸ்செக்ட் என்று கேட்டால் நல், அதாவது மதிப்பே இல்லை என்கிறது. அதனால்தான் அங்கே நேராக பூலியனில் போட்டால் கம்பைல் ஆகாது, "== ட்ரூ" என்று ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள், எனக்கு என்னவோ இது ஒன்றுதான் யோக்கியமான டிசைன் என்று படுகிறது. தெரியாததைத் தெரியாது என்கிறது, உன் முடிவை நீ சொல் என்று நிறுத்தி வைக்கிறது.

டேட்டாபேஸிலும் இதே கதை. எஸ்.எம்.எஸ். வேண்டுமா என்ற நெடுவரிசையைப் பிற்பாடு சேர்த்தோம், பழைய உறுப்பினர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை, அதனால் அவர்களுக்கு நல். பிறகு யாரோ ஒரு ரிப்போர்ட்டில் வேண்டும் என்றவர்கள், வேண்டாம் என்றவர்கள் என்று இரண்டு எண் எடுத்தார், கூட்டினால் மொத்த உறுப்பினர்கள் வரவில்லை. நல்லைக் கேட்டால் டேட்டாபேஸ் மொழியான எஸ்.கியூ.எல். ட்ரூவும் சொல்லாது, ட்ரூ இல்லை என்றும் சொல்லாது, இரண்டு வரிசையிலும் நிற்காமல் நழுவிவிடும். உடனே ஒருவர் "எல்லா நல்லையும் ட்ரூ ஆக்கிடலாமே" என்றார். நான் முடியாது என்றேன். கேட்காமலே ஆம் என்று எழுதிக்கொள்வது அது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் சொல்லிவிட்டது, நம் ஊர் 2023 தனிநபர் தரவுச் சட்டமும் தெளிவான செயலால் தந்த சம்மதம் வேண்டும் என்கிறது. அந்த மீட்டிங்கில் சட்டம் சொன்னது காதில் ஏறியது, நான் அதற்கு முன் பேசிய லாஜிக் எதுவும் ஏறவில்லை.

பெயர் வைப்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பெட்டியில் "அறிவிப்புகளை நிறுத்து" என்றும் வேரியபிளில் "நோட்டிஃபை_டிஸேபிள்டு" என்றும், கோடில் "இஃப் நாட் நோட்டிஃபை_டிஸேபிள்டு" என்றும் ஒரு ப்ராஜெக்ட்டில் பார்த்தேன். டிக் எடுத்தால் நிறுத்தாமல் இல்லாமல் போகாது என்பதுபோல. போதும்.

டீ ஆறிவிட்டது. பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனில் அந்த ஃபங்ஷனைத் திறந்து வரிவரியாகப் படித்தான். பெயர் வரவில்லை என்றால் தொடாதே என்று ஒன்று, முழு ஃபார்ம் என்றால் ஃபால்ஸ் என்று ஒன்று, "1" வந்தால், "ட்ரூ" வந்தால், "0" வந்தால், "ஃபால்ஸ்" வந்தால், வேறு என்ன வந்தாலும் எரர். தலையை ஆட்டிக்கொண்டே போனவன் கடைசி வரியில் நின்றான்.

"அண்ணா, செக்பாக்ஸ்ல வேல்யூ எழுத மறந்துட்டா பிரவுசர் என்ன அனுப்பும்?"

"ஆன்" என்ற ஸ்ட்ரிங்கை அனுப்பும். என் பதினோரு வரியில் அது இல்லை. பன்னிரண்டாவது வரியை அவனே சேர்த்து அன்று சாயங்காலம் அனுப்பினான், நான் அப்ரூவ் கொடுத்தேன்.